ஹுளி என்றால் புளி

பெங்களூரின் தர்ஷினி ஓட்டல்களில் நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். ஆனால் கன்னடம் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் விலைப் பலகையைப் பார்த்துத் திகைக்கிறார். 'காரா பாத்' என்பது ரவா உப்புமா. 'கேசரி பாத்' நமது கேசரி. இரண்டும் ஒரே தட்டில் வந்தால் 'சௌ சௌ பாத்'. அதில் சௌசௌ காயைத் தேடக் கூடாது. 'சாறு' கேட்டால் ரசம் வரும். 'பல்யா' பொரியல், 'மொசரு' தயிர், 'மஜ்ஜிகெ' மோர்.

முதல் வாரம் மிரட்டும் இந்த மொழி, இரண்டு சூத்திரங்கள் பிடிபட்டதும் பணிந்துவிடுகிறது. தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்கும் 'ப' பல இடங்களில் கன்னடத்தில் 'ஹ' ஆகிறது. பால், ஹாலு. பல், ஹல்லு. புளி, ஹுளி. பழங்கன்னடத்தில் இவையும் 'ப'வில்தான் தொடங்கின. அதேபோல் தமிழின் 'வ' அங்கே 'பஸ்'ஸில் ஒலிக்கும் 'ப' ஆகிறது. வெல்லம், பெல்ல. வெண்ணெய், பெண்ணெ. யுகாதியன்று கன்னடியர்கள் உண்ணும் 'பேவு பெல்ல' வேறொன்றுமல்ல, வேம்பும் வெல்லமும்தான்.

நாக்கு பிறழ்ந்தால் ஆபத்து. 'ஹுளி' என்றால் புளிப்பு, சாம்பார் போன்ற குழம்புக்கும் அதுவே பெயர். 'ஹுலி' என்றால் புலி. 'ஹுளு' என்றால் புழு. சர்வரிடம் "இன்னும் கொஞ்சம் ஹுளு" என்று கேட்பது உசிதமல்ல.

அறுசுவையில் உப்பு அங்கேயும் உப்புதான். காரா, ஹுளி, பழந்தமிழின் கைப்பை நினைவூட்டும் 'கஹி' ஆகியவை தாமாகவே வந்துவிடும். இனிப்புக்கு 'சிஹி', துவர்ப்புக்கு 'ஒகரு'. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

இவ்வளவு சுலபமாக இருந்தும், இருபது முப்பது வருடங்கள் வாழ்ந்த பிறகும் கற்காத தமிழர்கள் உண்டு. குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லக்கூடிய கடைக்காரர்கள் நிறைந்த ஊர் அது. அந்தத் தாராளம் சில சமயம் வற்றிப்போகிறது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வாகனங்கள் எரிக்கப்பட்டன.

நாலு சுவைச் சொற்கள் தெரிந்திருந்தால் கல்லெறி நின்றிருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கலவரம் ஓய்ந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அப்போது "ஊட்ட ஆய்த்தா?" என்று அவருடைய மொழியிலேயே, சாப்பாடு ஆயிற்றா என விசாரிக்கத் தெரிந்திருந்தால் பேச்சைத் தொடங்குவது சற்று எளிது.

சண்டைக்குக் காரணமான பொருளுக்கு மட்டும் புதுச் சொல் எதையும் கற்க வேண்டியதில்லை. தமிழில் அது நீர். கன்னடத்தில் 'நீரு'.