கரணை பிடித்த கைக்கு ஈடான கூலி

கூலி என்பது இழிசொல் அன்று. கூலமாவது தவசம். உழைத்தவனுக்கு அக்கூலத்தையே அளந்து கொடுத்தமையால் அது கூலி எனப்பெற்றது என்பர் சொல்லாய்வறிஞர். விளைந்ததில் ஒரு பங்கு விளைவித்தவன் கைக்குச் சென்றது, அவ்வளவே. அச்சொல்லை வெள்ளையன் கப்பலேற்றிக் கடல்கடந்த தோட்டங்களில் மாந்தனையே சுட்டும் வசையாக்கினான். உழைப்பின் விலையைக் குறித்த சொல் உழைப்பவனின் பெயராயிற்று. அன்று தாழ்ந்த அச்சொல் இன்றும் நிமிரவில்லை.

கட்டடம் எழும்பும் இடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். கொத்தனார் ஒரு நூலை எடுக்கின்றார். ஒரு பக்கம் மூன்றடியும் மறுபக்கம் நான்கடியும் அளந்து முளையடித்து, அவ்விரு முனைகட்கும் இடையே ஐந்தடி வந்தால் மூலை சரி என்கின்றார். பள்ளியில் இதனை ஒரு கிரேக்க அறிஞரின் பெயரால் கற்பிக்கின்றனர். நாமும் தேர்வெழுதிவிட்டு மறந்துவிடுகின்றோம். அவரோ நாடோறும் அதன்மேற் சுவரெழுப்புகின்றார். தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் நேர்மை காணவும், மணலின் ஈரமறிந்து கலவைக்கு நீரைக் குறைக்கவும் அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. மூத்த கொத்தனார் ஒருவரின் பின்னே பல்லாண்டு நின்று கண்ணும் கையும் கற்றவை அவை. இதனைக் கல்வியன்று என்பார் எதனைத்தான் கல்வி என்பார்?

சட்டங்கூட இவ்வளவு குருடன்று. 1948-ஆம் ஆண்டின் குறைந்த அளவு ஊதியச் சட்டத்தின்கீழ் நடுவணரசு விடுத்த ஆணைகள், வேலைப் பட்டறிவால் வந்த திறனையும் திறன் என்றே ஒப்புக்கொண்டன. 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டிற்காகக் கட்டடங்கள் எழுப்பிய தொழிலாளர் வழக்கில், குறைந்த அளவு கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பே என உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனத் தனிச்சட்டம் வந்தது. 1994-இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியமும் வந்தது. வாரியம் மகப்பேற்றுக்கும் ஈமத்திற்கும் உதவும். நாட்கூலியைக் கூட்டித் தராது.

'திறனற்ற வேலை' என்று ஒரு வகுப்பை வைத்திருக்கின்றனரே, தீங்கெல்லாம் அங்கேதான். கட்டட வேலைக்கு வரும் ஆணைப் பெரியாள் என்கின்றோம். பெண்ணைச் சித்தாள், அஃதாவது சிறிய ஆள் என்கின்றோம். பெயரிலேயே கூலியைக் குறைத்தாயிற்று! கலவைச் சட்டியைத் தலையில் தாங்கிச் சாரத்தின்மேல் சிந்தாமல் ஏறுவது திறனன்றா? கலவை இறுகிற்றா இளகிற்றா என்பதைக் கொத்தனார் கேட்குமுன் அறிந்து நிற்பவள் அவளன்றோ? அவளோடு ஒரேநாளில் வேலைக்குச் சேர்ந்த பெரியாள் சில ஆண்டுகளிற் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிடுகின்றான். அவளோ தலை நரைத்த பின்னும் சித்தாளே. ஒரே வேலைக்கும் ஒத்த வேலைக்கும் ஆண் பெண் இருவர்க்கும் ஈடான ஊதியம் என்றது 1976-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதனையே சொல்கின்றது. ஆனால், அவள் கையிற் கரணையையே கொடாதிருந்துவிட்டால் இரண்டு சட்டங்களும் அவளை எட்டா. எவ்வளவு எளிய சூழ்ச்சி!

பல்லாண்டு செலவிட்டுப் படித்தவனுக்கு மிகுதியாகக் கொடுக்க வேண்டாவா என்பர். கொடுக்கட்டும், நாம் மறுக்கவில்லை. கற்ற ஆண்டுகளுக்கு விலையெனின், சாரத்தின்மேற் கற்ற ஆண்டுகளுக்கும் விலை உண்டன்றோ? அலுவலகத்தில் அமர்ந்திருப்போர்க்கு மழைநாளிலும் ஊதியம் உண்டு. கட்டடத்தில் உழைப்போர்க்கு மழை பெய்தால் அடுப்பெரிவதில்லை.  வேலை செய்த நாளுக்கே கூலி என்பார், வேலையில்லா நாளின் பசியை எவர் கணக்கில் எழுதுகின்றனர்?

அரசு எழுப்பும் கட்டடங்களிலேனும், சான்றிதழ் கேளாது வேலையிடத்திலேயே ஒரு சுவரை எழுப்பச் செய்து, கைத்திறன் கண்டு கூலியை உறுதி செய்தல் வேண்டும். அத்தேர்வுக்குச் சித்தாள்களையும் அழைத்தல் வேண்டும். அரசு செய்யும்வரை நாமும் காத்திருக்க வேண்டுவதில்லை. இவ்வாண்டு வீடு கட்டவிருக்கும் நம் அன்பர்கள் தங்கள் கொத்தனாரிடம் சொல்லி, உட்சுவர் ஒன்றையேனும் ஒரு சித்தாளிடம் ஒப்படைக்கச் செய்க. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் நேராயிருப்பின், அன்றைக்கு அவள் கையிற் கொத்தனார் கூலியையே எண்ணிக் கொடுங்கள்.