வீட்டுக்கு வெல்டிங் மெஷின்: பெட்டியைப் பார்க்காதீங்க, பிளக்கைப் பாருங்க!

உடைந்த கேட் கீலுக்கு வெல்டு வைக்க, செடித் தொட்டிக்கு ஸ்டாண்டு செய்ய வீட்டிலேயே ஒரு வெல்டிங் மெஷின் இருந்தால் வசதிதான். ஆன்லைனில் தேடினால் ‘200 ஆம்ப்’, ‘250 ஆம்ப்’ என வரிசை கட்டும். பெரிய நம்பர்தான் பெஸ்ட்டா? இல்லை.

அது மெஷினிலிருந்து ராடுக்குப் போகும் கரன்ட். சுவரிலிருந்து மெஷின் இழுப்பது வேறு கணக்கு. நம் வீட்டு பவர் பிளக் தாங்குவது 16 ஆம்ப். 230 வோல்ட்டில் சுமார் 3.7 கிலோவாட். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்ப் போதும். நல்ல வயரிங் இருந்தால் அந்த பிளக் சமாளிக்கும். 3.15 மி.மீ. ராடை 120 ஆம்பில் ஓட்டினால் பெரும்பாலும் எல்லை தாண்டும்; வயர் சூடாகும், எம்.சி.பி. விழும். விழாவிட்டால்தான் ஆபத்து!

கேட், ஸ்டாண்டு வேலைக்குச் சின்ன இன்வெர்ட்டர் மெஷினே தாராளம். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்க: சுவரிலிருந்து எத்தனை ஆம்ப் இழுக்கும்? டியூட்டி சைக்கிள் என்ன? 60% என்றால், அந்த ஆம்பில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம்தான் ஓட்டலாம்.

வெளியே வரும் ஆம்ப்பைக் கொட்டை எழுத்தில் போடும் விற்பனையாளர்கள், உள்ளே இழுக்கும் ஆம்ப்பையும் அதே அளவில் போடட்டும். அதுவரை பெரிய நம்பருக்குக் கொடுக்கும் கூடுதல் காசை ஹெல்மெட்டுக்கும், லெதர் கிளவுஸுக்கும், எர்த்தைச் சோதிக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுப்பதே புத்திசாலித்தனம்.