‘பேஷண்ட் நான்தான்’: மார்பில் கட்டி கண்ட ஆண்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அதன் பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும், மார்பில் கட்டி கண்ட ஆண்களும் எங்கள் வீட்டாரும் வைக்கும் கோரிக்கைகள் இவை. மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். அந்த ஒருவரும் வரி கட்டுகிறவர், ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்.

மார்பில் கட்டி என்று வரும் ஆணை, வந்த அன்றே சட்டையைக் கழற்றச் சொல்லித் தொட்டுப் பார்க்க வேண்டும். இதுவே முதல் கோரிக்கை. ஆணின் மார்பில் சதை குறைவு. கட்டி பெரும்பாலும் காம்புக்குப் பின்னால், கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும், விரலுக்கே தட்டுப்படும். காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, நீரோ இரத்தமோ கசிகிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க இயந்திரம் எதுவும் வேண்டாம். எங்களில் ஒருவருக்கு, துவைக்க எடுத்த பனியனில் கடுகளவு இரத்தக் கறையை மனைவி பார்த்த பிறகுதான் சந்தேகமே வந்தது. அவர் போய்ச் சொன்னபோது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே “கொழுப்புக் கட்டியா இருக்கும்” என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல என்பது எங்களுக்கும் தெரியும். விடலைப் பருவத்திலும் முதுமையிலும் ஆணுக்கு மார்பு தடிக்கும். ஈரல் கெட்டால் தடிக்கும். ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகளாலும் தடிக்கும். இது எந்த வகை என்று சோதித்துச் சொல்லத்தான் மருத்துவரிடம் வருகிறோம். ஊகித்துச் சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறது. சதை குறைவாக இருப்பதால் கட்டி வெகு சீக்கிரம் தோலையும் தசையையும் எட்டிவிடும். அதனால்தான் வந்த அன்றே என்கிறோம்.

அடுத்து, காலக்கெடு. இங்கிலாந்தில் 30 வயது கடந்த எவருக்கும் காரணம் புரியாத மார்புக் கட்டி இருந்தால், ஆணோ பெண்ணோ, அவசரமாக மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புற்றா இல்லையா என்பதை 28 நாளுக்குள் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அங்கே இலக்கு. அதையே இங்கும் வையுங்கள். கையால் பார்ப்பது, மேமோகிராமும் ஸ்கேனும், தடித்த ஊசியால் சதை எடுக்கும் பயாப்சி ஆகிய மூன்றையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரே நாளில் முடிக்கலாம். இன்று சர்ஜன், நாளை ஸ்கேன், அடுத்த வாரம் ஊசி என்று இழுத்தால், கொத்தனாருக்கும் டிரைவருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்லுமுன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மேமோகிராம் அறைக்குள் ஆணும் போக வழி வேண்டும். கவுன்ட்டரில் சீட்டை நீட்டினால், “உங்க வீட்டம்மா எங்கே?” என்று கேட்கிறார்கள். “பேஷண்ட் நான்தான்” என்று சொல்லும்போது வரிசையே திரும்பிப் பார்க்கிறது. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி, கட்டி காம்பைப் பிளக்கும்வரை வாய் திறக்காதவர்கள் உண்டு. ஆணுக்கும் மேமோகிராம் நன்றாகவே பலன் தரும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாசல் பலகையில் ‘மகளிர்’ என்பதை எடுத்துவிட்டு ‘மார்பக நோய்ப் பிரிவு’ என்று எழுதுங்கள். பெயின்டருக்கு அரை நாள் வேலை.

நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்வது இது: அறுத்து எடுத்த எந்தக் கட்டியும் சோதனைக்குப் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது. சில சின்ன ஆஸ்பத்திரிகளில் மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை எடுத்து, தையலும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எடுத்த சதை ஃபார்மலின் டப்பாவில் ஏறுவதில்லை. ஆய்வகச் சீட்டும் இல்லை. பிறகு அது புற்றென்று தெரிந்தால், எவ்வளவு பெரிதாக இருந்தது, ஓரம்வரை பரவியிருந்ததா என்று சொல்ல ஆதாரம் இருக்காது. ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றில் பத்தில் ஒன்பது ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை. டமாக்சிஃபென் மாத்திரையால் பலன் உண்டு. எந்த வகை என்று கண்டறியவும் அந்தச் சதைதான் வேண்டும். ஆகவே, பயாப்சி முடிவு வருமுன் கத்தி வைக்கக் கூடாது, வைத்தால் எடுத்ததை அனுப்பியே தீர வேண்டும் என்று அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டுக்கும் உத்தரவு போடுங்கள். இது தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவரின் ஆதாரம் வாளியில் விழுகிறது.

நோய் உறுதியான ஒவ்வொரு ஆணுக்கும் மரபணுச் சோதனையை இலவசமாகச் செய்ய வேண்டும். இதற்குப் பணம் ஆகும், மறைக்கவில்லை. ஆனால் மார்பகப் புற்றோடு தொடர்புடைய பிஆர்சிஏ-2 மரபணுவில் பழுது இருந்தால், அது மகனுக்கோ மகளுக்கோ போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அக்கா தங்கைக்கும் இருக்கலாம். பாடகி பியான்ஸேயின் தந்தை மேத்யூ நோல்ஸ் தனக்கு மார்பகப் புற்று என்பதையும் இந்தப் பழுது இருப்பதையும் 2019-இல் ஊரறியச் சொன்னார். அவரும் முதலில் கண்டது சட்டையில் ஓர் இரத்தப் பொட்டைத்தான். அப்பாவின் ரிப்போர்ட் மகளைக் காப்பாற்றும் என்றால், அதை அவள் கையில் கொடுக்க ஏன் தாமதம்?

எல்லா ஆண்களுக்கும் மேமோகிராம் எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அரிதான நோய்க்கு அது வீண் செலவு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஐம்பது கடந்த ஆணிடம் அவர்கள் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும்: மார்பில் கட்டியோ காம்பில் கசிவோ உண்டா? அக்டோபர் மாத இளஞ்சிவப்புச் சுவரொட்டிகளில் ஓர் ஆணின் படமும் இருக்கட்டும்.

ஆண்டுதோறும் எத்தனை ஆண்கள் கட்டியோடு வந்தார்கள், முதல் ஓ.பி. சீட்டிலிருந்து பயாப்சி முடிவுவரை எத்தனை நாள் ஆனது என்பதை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

எந்தக் கோரிக்கை எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பில் நிறைவேறும் என்று 30 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். அதுவரை, கட்டியோடு வரும் எந்த ஆணையும் நாங்கள் தனியாக அனுப்பப் போவதில்லை. எங்களில் ஒருவர் கூடவே வந்து, பயாப்சிக்குத் தேதி வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்.