தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மாருக்கும், என்னோடு படித்து இப்போது பேரன் பேத்தி பார்க்கத் தயாராகிக்கொண்டிருக்கும் தோழிகளுக்கும் வணக்கம்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆடியில் ஊருக்கு வந்து திரும்பியபோது என் பெட்டியில் வடகமும் நார்த்தங்காயும் இருந்தன. கூடவே, பளபளக்கும் பிளாஸ்டிக்குக்குள் என் மகனின் பிறப்புச் சான்றிதழும் இருந்தது. ஜோசியர் பிறந்த நேரம் கேட்டார் என்று அதை வாங்கிப் போன என் அண்ணன், பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து கொண்டுவந்து கொடுத்தார். "வெறும் பேப்பரா வச்சிருக்கியேம்மா, நனைஞ்சா என்ன பண்ணுவ?" என்று எனக்கே அறிவுரை வேறு. அண்ணனைத் திட்ட முடியுமா? அண்ணி எதிரில் சிரித்துவிட்டு, விமானம் ஏறிய பிறகு அழுதேன்.

(ஜோசியர் கேட்டது நியாயம்தான். கலிஃபோர்னியா சான்றிதழில் பிறந்த மணி நிமிடம் இருக்கும். நம் ஊர்ச் சான்றிதழில் அது கிடையாது. ஆனால் இங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அதைக் கழித்துக் கணித்தாரா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லக்னமே மாறிப்போயிருக்கலாம்.)

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். அந்தக் காகிதத்திலேயே எழுதியிருக்கிறது: செதுக்கி அச்சிட்ட ஓரமும், முத்திரையும், அதிகாரியின் கையொப்பமும் இருந்தால்தான் இந்த நகல் செல்லும் என்று. ரூபாய் நோட்டைத் தடவிப் பார்ப்பதுபோல அந்த ஓரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக்குக்கு அடியில் போனதை எப்படித் தடவுவது? அடுத்த வருஷத்திலிருந்து நாங்கள் இரண்டு ஆண்டு சென்னையில் இருக்கப்போகிறோம், பையனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக இந்தச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்க வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு நம்புவதற்கு ஹேக் உடன்படிக்கை சொல்லும் முத்திரை அது. இந்தியாவில் 2005 முதல் செல்லும். கலிஃபோர்னியாவில் அதைக் கொடுப்பது சாக்ரமென்டோவில் இருக்கும் மாநிலச் செயலாளர் அலுவலகம்; கட்டணம் 20 டாலர். அவர்கள் அதைச் சான்றிதழோடு சேர்த்து இணைப்பார்கள். பிளாஸ்டிக்கோடு எதை இணைப்பது?

அண்ணன் ஒருவரைச் சொல்லி என்ன பயன், ஊரே அப்படித்தான். பத்தாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, தாத்தாவின் பட்டா, சொசைட்டிக் கடன் அடைத்த ரசீது வரை எல்லாவற்றுக்கும் உறை போட்டாயிற்று. லேமினேஷன் பார்க்காத காகிதம் நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். அந்தக் கடைக்காரர் மாடி வீடு கட்டியதில் நம் எல்லோருடைய பங்கும் இருக்கிறது.

ஏன் செய்கிறோம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஒரு காகிதத்தை வாங்க எத்தனை நடை நடந்தோம், யார் யாரைப் பார்த்தோம், எத்தனை முறை "ஐயா இன்னிக்கு லீவு" என்று கேட்டுத் திரும்பினோம் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. இன்னொரு தடவை அந்தப் படி ஏற முடியாது என்ற பயத்தைத்தான் பிளாஸ்டிக் போட்டு மூடுகிறோம். என் சண்டை அந்தப் பயத்தோடுதான்.

இங்கே எப்படி என்று சொல்கிறேன், பெருமை பேசுகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. என்னிடம் இருந்ததும் நகல்தான். மூலப் பதிவு அரசாங்கத்திடம் இருக்கிறது. அது யார் வீட்டுப் பீரோவுக்கும் வராது. குழந்தை பிறந்து பத்து நாளுக்குள் மருத்துவமனையே பதிவுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் சான்றிதழ் தானாக வீடு தேடி வராது, நாம்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். முப்பது டாலரை ஒட்டி ஒரு கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகல் ஒன்று. பத்து வேண்டுமென்றால் பத்து நகலுக்கான பணம், அவ்வளவுதான்.

எங்கே கேட்பது என்பதில்தான் நம்மவர்கள் முதலில் தடுமாறுகிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அலுவலகம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு, மாநிலத்துக்குள் கவுண்டி. நம் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடியிருக்கும் ஃப்ரீமான்ட், அலமீடா கவுண்டி. பிரசவம் நடந்தது பக்கத்து சான்டா கிளாரா கவுண்டி மருத்துவமனையில். அதனால் சான்டா கிளாராவிடம்தான் கேட்க வேண்டும். குடியிருக்கும் இடம் கணக்கில்லை, பிறந்த இடம்தான் கணக்கு. பிறந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தால் பல கவுண்டிகளில் பொதுச் சுகாதாரத் துறை கொடுக்கும், அதன் பிறகு கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகம் கொடுக்கும். அப்போஸ்டில் வாங்கப்போகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். சுகாதார அதிகாரி கையொப்பமிட்ட நகலை சாக்ரமென்டோவில் அப்படியே ஏற்க மாட்டார்கள். அந்தக் கையொப்பம் உண்மையென்று கவுண்டி கிளார்க்கிடம் இன்னொரு சான்று வாங்கிவரச் சொல்வார்கள். கிளார்க்-ரெக்கார்டரிடமே நகல் வாங்கினால் ஒரு படி மிச்சம். சாக்ரமென்டோவில் மாநிலப் பதிவகமும் உண்டு, 1905 ஜூலையிலிருந்து பிறந்த எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆனால் அங்கே தபாலில் கேட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நகலில் இரண்டு வகை. ஒன்று அடையாளத்துக்குச் செல்லும் நகல். இன்னொன்றை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் தகவலுக்கு மட்டும், அடையாளத்தை நிறுவச் செல்லாது என்று அதன்மேல் அச்சடித்திருக்கும். ஏமாந்து அதை வாங்கிவந்து பாஸ்போர்ட் கவுன்டரில் நீட்டியவர்களை எனக்குத் தெரியும். செல்லும் நகலைக் கேட்க உரிமையுள்ளவர்கள் யார் என்று சட்டத்திலேயே பட்டியல் இருக்கிறது: அந்த நபர், பெற்றோர், சட்டப்படியான காப்பாளர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், கணவன் மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, வழக்கறிஞர், காவல்துறை என்று இன்னும் சிலர். சித்தப்பா இல்லை, அத்தை இல்லை. யார் மடியில் உட்கார்த்திக் காது குத்தினோமோ அந்தத் தாய்மாமனும் இல்லை! அண்ணனுக்கு இதைப் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சீர் செய்யறதுக்கு மட்டும் மாமன் வேணுமா" என்றார். அந்தக் கேள்விக்கு கலிஃபோர்னியா சட்டமன்றத்திடம் பதில் இருக்காது.

நேரில் போனால், நான் இன்னாருக்கு இன்ன உறவு, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தபாலில் கேட்டால் அதே உறுதிமொழி நோட்டரி முன்னிலையில். நான் நேரில்தான் போனேன். கவுன்டரில் இருந்த பெண் முதலில் வணக்கம் சொன்னார். பையன் பெயர், தேதி, என் கன்னிப் பெயர் கேட்டார். காகிதம் அச்சாகி வந்தது, முத்திரை விழுந்தது, என் கையில் கொடுத்தார். யாரையும் "சார்" என்று கும்பிடவில்லை. மூன்று நகல் வாங்கிக்கொண்டு காருக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குக் கிரீன் கார்டு விண்ணப்பித்த சமயம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் பிறந்தது 1981இல், வீட்டுப் பிரசவம். பதியவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்ட ஜூன் தேதிதான் இன்றுவரை என் பிறந்தநாள். நம் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூனில்தானே பிறந்தநாள்? 1970 ஏப்ரலிலிருந்து பிறந்த இந்தியர் என்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவேட்டில் இல்லையென்றால், இல்லை என்று அதிகாரி எழுதித் தரும் சான்று வேண்டும் என்பது அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கணக்கு. அதோடு, பிறந்ததை அறிந்த மூத்தவர்கள் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரங்கள். இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதி வாங்குவதற்காக அப்பா வி.ஏ.ஓ.விடம் போனார், தாலுகா ஆபீஸ் போனார், சார்பதிவாளர் அலுவலகம் போனார். அவர் எவ்வளவு நேரம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. "வேலை முடிஞ்சுதும்மா, கூரியர்ல போட்டுட்டேன்" என்பார். நான் ஏசி அறையிலிருந்து கூரியர் எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் கையெழுத்தில்தான் நான் இந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்டால், வாயை மூடிக்கொள்ள வேண்டியவள்தான்.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். அப்பா நடந்த அந்த நடையை இனி நம் ஊரில் யாரும் நடக்கத் தேவையில்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால்தான் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகிறது. இப்போது பதிவானால் சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். உண்மையைச் சொன்னால் இந்த ஒன்றில் கலிஃபோர்னியா நம்மைவிடப் பின்தங்கித்தான் இருக்கிறது. இங்கே இன்னும் காகிதம், வரிசை, டாலர். அப்படியிருந்தும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெயர் வைக்கும் விழாவுக்கு மண்டபம் பிடிக்கிறீர்கள், ஃப்ளெக்ஸ் அடிக்கிறீர்கள், பதிவேட்டில் மட்டும் அது "ஆண் குழந்தை"யாகவே கிடக்கிறது. பெயர் சேர்க்கப் பதினைந்து வருஷம் அவகாசம் இருக்கிறது என்று பதினான்கு வருஷம் தூங்குகிறீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டமே திருத்தியாகிவிட்டது. தலைமையாசிரியர் தேதி போட்டுக் கொடுத்த காலம் போய்விட்டது. பதிவேட்டில் பெயரும் எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது சரியாக இருந்தால் கையில் இருக்கும் காகிதம் நனையட்டும், கிழியட்டும், எலி தின்னட்டும், இன்னொன்று கிடைக்கும்.

கடைசியாக, பெரியம்மாவுக்கு. வாட்ஸ்அப்பில் குரல் செய்தி கேட்டேன். "நீ அமெரிக்காவுலதானே இருக்க, டல்லாஸ்ல பொறந்த பேத்திக்கு பர்த் சர்டிபிகேட் நீயே போய் வாங்கி அனுப்பிடேன்." பெரியம்மா, எனக்காக அன்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள், உங்களுக்கு முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் டெக்சாஸிலும் இப்படித்தான். நெருங்கிய குடும்பத்தார்தான் கேட்க முடியும். பாட்டி என்ற முறையில் உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, பெரியம்மா முறையான எனக்கு இல்லை. தபாலில் கேட்கப் போனால் நோட்டரி வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முத்திரை ஒன்றுக்கே 50 டாலர். அதற்குக் குழந்தையின் அம்மாவான தங்கச்சியே நேரில் போய் நின்றுவிடுவது நல்லது. டல்லாஸ் என்று நாம் சொல்வது ஒரே கவுண்டி இல்லை. பிளேனோ பக்கம் என்றால் காலின் கவுண்டி, ஃபிரிஸ்கோ காலினிலும் டென்டனிலுமாகக் கிடக்கிறது. சுருக்கமான சான்றிதழ் வேண்டாம், முழுப் படிவம் என்று கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனை எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்பதை மட்டும் இன்று ராத்திரி அவளிடம் கேட்டு வையுங்கள். மற்றதை நானே அவளோடு பேசிக்கொள்கிறேன்.

உங்கள் ஊர்ப் பெண்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா