டிரையரை விற்கும் முன் ஒரு வார்த்தை

ஜூன் மாதம் பிறந்து மழை பிடித்துக்கொண்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் இரண்டே பேச்சுகள்தாம். லோக்கல் வண்டி ஓடுகிறதா என்பது ஒன்று, துணி காய்ந்ததா என்பது மற்றொன்று. ஜூன் முதல் செப்டம்பர் முடிய சாந்தாகுரூஸில் சராசரியாக 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஊரில் போல மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போட இங்கே எத்தனை பேருக்கு வசதி? ஜன்னல் கம்பிக்கு வெளியே துணி தொங்கினால் சொசைட்டி செக்ரட்டரியிடமிருந்து கடிதம் வருகிறது. உள்ளே மின்விசிறிக்கடியில் போட்டால் மூன்றாம் நாளும் ஈர வாடை போவதில்லை. ஆகவே வசதியுள்ளவர்கள், வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் முதியவரோ உள்ளவர்கள், டிரையர் வாங்கிவிட்டார்கள். அப்படி வாங்கியவற்றுள் பலவற்றுக்கு இன்று எட்டு, பத்து வயது. இப்போது சங்கக் கூட்டங்களுக்கு வருகிற அன்பர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான்: "முன்னெல்லாம் ஒன்றரை மணியிலே காய்ஞ்சுது சார், இப்போ மூணு மணி ஆகுது. தள்ளிட்டு வேற வாங்கிடலாமா?"

பெரும்பாலான வீடுகளில் வேண்டாம் என்பதே என் கருத்து. மெதுவாக ஓடுகிற டிரையர் கெட்டுப்போன டிரையர் என்று பொருளில்லை. தண்ணீர் அதிகமாக வருகிறதா, காற்று குறைவாகப் போகிறதா, கரண்ட் போதவில்லையா என்ற மூன்றையும் பாராமல் புது இயந்திரம் வாங்குகிறவர்கள், பழைய நோயைப் புது இயந்திரத்துக்கும் கொடுக்கிறார்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பக்கத்துத் தொட்டியில் துணியைச் சுழற்றுகிறோமே, அதையும் நம் வீடுகளில் டிரையர் என்றுதான் சொல்கிறோம். அது பிழியும் இயந்திரம், சூடு கிடையாது. நான் பேசுவது ஹீட்டரும் விசிறியும் சுழலும் டிரம்மும் கொண்ட தனி இயந்திரத்தைப் பற்றி. இருந்தாலும் அந்தப் பிழியும் தொட்டியை இளக்காரமாக எண்ண வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். ஆறு கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 1,000 சுற்றில் பிழிந்தால் அதில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தண்ணீர் தங்கும். 700 சுற்றுதான் என்றால் ஐந்து லிட்டருக்குப் பக்கத்தில் தங்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, எந்தக் கம்பெனி இயந்திரமானாலும், முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. இது இயற்கையின் விதி, சலுகை கிடையாது. 2,000 வாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் வெப்பம் தரும். சேதாரமே இல்லை என்றாலும் மூன்றரை லிட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். ஐந்து லிட்டருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். அப்படியானால் பழுது டிரையரில் இருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினைக் கொடுத்துவிட்டு, குனிய முடியவில்லை என்று மேல்பக்கம் திறப்பதை வாங்கிய வீடுகளில் டிரையர் திடீரென்று "சோம்பேறி" ஆவதைக் கவனித்திருக்கிறேன். புது வாஷிங் மெஷின் குறைவாகப் பிழிகிறது, அவ்வளவுதான். செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டி 1,300 சுற்று வரை ஓடக்கூடியது. அது ஒரு மூலையில் கிடந்தால் துணியை அதில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துப் பாருங்கள். மற்றவர்கள் துவைத்த பின் ஸ்பின் மட்டும் இன்னொரு முறை ஓட்டலாம். ஹீட்டர் கொடுக்கிற காய்ச்சலைவிடச் சுழற்சி கொடுக்கிற பிழிச்சல் பல மடங்கு மலிவு.

அடுத்தது காற்று. மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கிறது, அதனால்தான் டிரையர் திணறுகிறது என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இது பாதிகூட உண்மையில்லை. 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மழை நாளில் அதில் 24 கிராம் ஏற்கெனவே ஏறியிருக்கும். கொடியில் துணி காயாததற்கு அதுவே காரணம். ஆனால் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு கன மீட்டர் காற்று 130 கிராம் வரை தாங்கும். டிரையருக்குள் அந்தக் காற்றுக்கு வேண்டிய இடம் இருக்கிறது. வெளியே தள்ளிய ஆவிக் காற்றையே அது திரும்ப இழுத்தால்தான் வம்பு. நம் வீடுகளில் இயந்திரத்தை எங்கே வைக்கிறோம்? ஆறடிக்கு மூன்றடி டிரை பால்கனியில், மழைச் சாரல் அடிக்கிறது என்று கண்ணாடி ஜன்னலையும் மூடிவிட்டு. சுவரெல்லாம் வேர்க்கிறது. போன மூன்றரை லிட்டர் தண்ணீர் அந்த அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். நாளொன்றுக்கு நான்கு படுக்கை விரிப்பாவது துவைத்துக் காயவைத்தாக வேண்டும். ஒன்பது வயதான டிரையர் மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. வந்த மெக்கானிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆன்ட்டி, மஷீன் புரானா ஹோ கயா, நயா லே லோ" என்றார். பழையதற்கு இரண்டாயிரம் கழித்துக்கொள்வார்களாம். மாமி வங்கியில் போட்டிருந்த வைப்புத் தொகையை உடைக்கத் தயாராகிவிட்டார். அதே கட்டடத்தில் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரப் பையன் பின்பக்கக் குழாயைக் கழற்றினான். சுவருக்கு வெளியே குழாய் முடியும் இடத்தில் புறாக் கூடு. குச்சியும் இறகுமாக முக்கால் வாய் அடைத்திருந்தது. உள்ளே நெளிகுழாய் முழுக்க ஈரப் பஞ்சு, ஊறவைத்த அட்டை மாதிரி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குழாயை மாற்றி, வாயில் புறா புகாத மூடி போட்டான். அன்றைக்கு விரிப்புகள் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் காய்ந்தன. செலவு, அவன் கூலி உட்பட, ஆயிரத்து நானூறு ரூபாய். மெக்கானிக் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவர் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை. விற்றால் கமிஷன் உண்டு.

இங்கே உள்ளே நடப்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. காற்றுப் போக்கு அடைபட்டால் டிரம்மில் வெப்பம் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்துகிறது. ஆறியதும் மறுபடி போடுகிறது. இப்படிப் பாதி நேரம் ஹீட்டர் இல்லாமலே சுற்றுவதால்தான் மூன்று மணி ஆகிறது. அடைப்பு முற்றினால் பாதுகாப்பு ஃபியூஸ் எரிந்து, டிரம் சுற்றும், சூடே வராது. சிலர் ஃபியூஸை மட்டும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். குழாயைச் சுத்தம் செய்யாமல் மாற்றிய ஃபியூஸ் நீடிக்காது.

பஞ்சுச் சல்லடையைத் தினம் துடைக்கிறேனே என்பார்கள் வீட்டில். துடைப்பது போதாது. துணிக்கு வாசனையும் மென்மையும் தருகிற திரவம் ஊற்றுகிற வீடுகளில் சல்லடைக் கண்களில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். குழாயடியில் அதைப் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் கீழே இறங்காமல் மேலே நின்றால் படலம் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருந்தால் அவை ஈரத்தை அளக்கிற உணரிகள். அவற்றையும் வினிகர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் சேர்க்கும் வகை என்றால் கீழே கண்டென்சர் ஒன்று ஒளிந்திருக்கும். ஐந்தாறு வருடமாக அப்படி ஒன்று இருப்பதே தெரியாத வீடுகள் உண்டு.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். அது 200 ஆக இறங்கினால் 2,000 வாட் ஹீட்டர் 1,500 வாட்தான் தரும். வெப்பத்தில் கால் பங்கு போயிற்று. பழைய கட்டடங்களில், மாலையில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது இது சகஜம். காலையில் ஓட்டிப் பார்த்து நேரம் குறைகிறதா என்று கவனிக்கலாம். எக்ஸ்டென்ஷன் வயரில் டிரையரை ஓட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. முதலில் அதைப் பிடுங்கி, தனி பவர் பிளக் போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்க. வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வருட இயந்திரம் என்று கேட்டதும் கிழடு என்று முடிவு கட்டுகிறோம். மும்பையில் டிரையர் ஓடுவது வருடத்தில் நான்கு மாதம். ஒன்பது வருடத்தில் அது உழைத்தது மூன்று வருடம்தான். குளிர் நாடுகளில் வருடம் முழுதும் ஓடுகிற இயந்திரத்துக்குச் சொல்லும் ஆயுளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது சரியில்லை. ஆனால் எட்டு மாதம் சும்மா கிடப்பதும் இயந்திரத்துக்கு நல்லதில்லை. கரப்பான் குடியேறும், பெல்ட் ஒரே நிலையில் இருந்து வளைந்து போகும், ஈரப் பஞ்சு இறுகிவிடும். மே மாதக் கடைசியில், ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கிற அக்கறையோடு, குழாயைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

அப்படியானால் எப்போதுமே மாற்றக் கூடாதா என்று கேட்கலாம். சில நேரங்களில் மாற்றத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கருகிய வாடை வந்தால், வயர் முனை பழுப்பேறி உருகியிருந்தால், நிறுத்திவிட வேண்டும். சரிபார்த்தவர் காரணத்தைக் காட்ட முடியாவிட்டால் மறுபடி ஓட்டக் கூடாது. உதிரி பாகம் கிடைக்காத இயந்திரத்தையும், பழுது நீக்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டும் இயந்திரத்தையும் விட்டுவிடலாம். தயாரித்தவரே தவறென்று அறிவித்துவிட்டால் பேச்சே இல்லை. லண்டனில் பிள்ளைகள் இருக்கும் நம் அன்பர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரிட்டனில் ஒரு குழுமத்தின் டிரையர்களில் பஞ்சு ஹீட்டரில் விழுந்து தீப்பற்றும் குறை 2015இல் தெரியவந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஓட்டலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொன்னார்கள். 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு அப்படிப்பட்ட ஒரு டிரையரால் தீப்பிடித்தது. திரும்பப் பெறும் கட்டாயம் வந்தது 2019இல்தான். நம் வீடுகளில் பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இல்லை, தேங்கிய பஞ்சில் இருக்கிறது; அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்கிலும் டிரையர் தீக்கு முதல் காரணம் சுத்தம் செய்யாததே. அதனால்தான் நேரம் கூடுவதை அலுப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வழக்கத்தையும் விட வேண்டும்.

புதிது வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஹீட் பம்ப் வகையைக் கடைக்காரர்கள் காட்டுகிறார்கள். மின்சாரம் ஏறத்தாழப் பாதிதான் ஆகும், துணியும் நைந்துபோவதில்லை. நல்ல இயந்திரம். ஆனால் அது குறைந்த சூட்டில் வேலை செய்வதால் இயல்பிலேயே நிதானமானது. பழையது மெதுவாக ஓடுகிறது என்று அதைத் தள்ளிவிட்டு இதை வாங்குகிறவர் வீட்டில் மறுநாளே மனத்தாங்கல் வரும். காசுக் கணக்கும் பாருங்கள். ஒரு தடவைக்கு நான்கு யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்பது ரூபாய். மழைக்காலத்தில் எண்பது தடவை ஓட்டினால் 3,200 ரூபாய். ஹீட் பம்ப் அதில் 1,600 மிச்சப்படுத்தும். விலையில் முப்பதாயிரம் வித்தியாசம் என்றால் அதை மீட்கப் பதினெட்டு, பத்தொன்பது மழைக்காலம் ஆகும். தினமும் ஓட்டுகிற வீட்டுக்கு, அந்த மாமி வீட்டைப் போல வருடம் முழுதும் ஓட்டுகிற வீட்டுக்கு, கணக்கு வேறு. அங்கே அது நியாயமான செலவு.

பழையதைக் கழிப்பவர்கள் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடாமல், அரசு பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுப்பது நல்லது. ஓடுகிற நிலையில் இருந்தால், சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். படுக்கையில் நோயாளியை வைத்துக்கொண்டு ஈர விரிப்போடு போராடுகிற வீடு நம்மிடையே இன்னும் சில இருக்கிறது. எடுத்துச் செல்ல டெம்போவுக்கும், குழாயைச் சுத்தம் செய்து பொருத்த அந்தத் திருநெல்வேலித் தம்பிக்கும் ஆகும் கூலியை நம் உறுப்பினர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து கொடுத்துவிடலாம். நான் என் பங்கைத் தரத் தயார்.