பாம்பு கொண்டுபோன பூவும் அந்திப்பொழுதின் விளக்கும்

யாழ்ப்பாணத்தின் சப்த தீவுகளில் அனலைதீவு சிறியவற்றுள் ஒன்று. பாலமும் இல்லை, தாம்போதியும் இல்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகேறித்தான் அங்கு போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரின் பெயர் 2021 ஆம் ஆண்டில் உலகச் செய்திகளில் அடிபட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளி, காற்று மின்சாரம் அமைக்கும் வேலை அவ்வாண்டு ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா மறுப்புத் தெரிவித்தது. ஆண்டு முடிவில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நன்கொடையின் அளவு ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அச்செய்திகளை நானும் வரி விடாமல் படித்தேன். வல்லரசுப் போட்டி, கடற்பாதுகாப்பு, கேந்திர முக்கியத்துவம் எல்லாம் இருந்தன. பொழுது சாய்கையில் அத்தீவின் வீடுகளில் விளக்கு வைப்பது யார் என்பது மட்டும் எதிலும் இல்லை. அது செய்தியாகாது என்பது எனக்கும் தெரியும். இருப்பினும் இன்று அதைப்பற்றியே எழுத விழைகிறேன்.

எமது ஊர்களில் அந்திப்பொழுதுக்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. முற்றம் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமியறையில் விளக்கேற்றுவார்கள். "கால் முகம் கழுவிப்போட்டு வந்து திருநீறு பூசு பிள்ளை" என்று அப்பாச்சி குரல் கொடுப்பார். பேரப்பிள்ளை அரைகுறையாக ஒரு தேவாரம் பாடிவிட்டுப் புத்தகத்தை விரிக்கும். புகையிலைத் தோட்டத்துக்கு இறைத்துக் களைத்த தகப்பன் திண்ணையில் இருந்தபடியே அதைக் கேட்பார். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம் ஆகாது. தத்துவ விளக்கம் எதுவும் அங்கு நடைபெறுவதில்லை. அதே வேளையில் ஊர்காவற்றுறையின் கத்தோலிக்க வீடுகளில் குடும்பச் செபமாலை சொல்லப்படும். நாவலர் பெருமான் சைவ வினாவிடையைச் சிறுவர்களுக்காக வினாவும் விடையுமாக எழுதிவைத்தார். அந்நூலை ஒருபோதும் தொட்டறியாத கிழவிகளும் அதில் உள்ள ஒழுக்கத்தை வழுவாது காத்தனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகள் பல்லாயிரவரைக் குடாநாட்டுக்குள் துரத்தின. அங்கே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தல் விளக்கை அந்தத் தலைமுறை மறக்காது. அடியில் சிறிது பஞ்சு, அது ஊறுமளவு எண்ணெய், ஒரு மெல்லிய திரி, அவ்வளவுதான். அந்த வெளிச்சத்திலேயே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அதைக் கொளுத்தியவுடன் முதலில் சுவாமி படத்தின் முன் ஒரு கணம் காட்டிவிட்டு, அதன் பிறகே அடுப்படிக்குக் கொண்டுபோன தாய்மார் இருந்தார்கள். வீட்டையும் காணியையும் விட்டு வந்தவர்கள் அந்த ஒரு கணத்தை விட்டுவிடவில்லை. நம்பிக்கை என்று நான் கருதுவது அதைத்தான்.

கடலை நம்பி வாழ்பவர்களின் பக்தியில் அச்சமும் கலந்திருக்கும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் சென்றவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதன் பின்னர் தீவகத்துத் தாய்மாருக்குப் படகு எப்படி வெறும் வாகனமாக இருக்க முடியும்? நோயாளியைப் படகில் ஏற்றிவிட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து ஐயனாருக்கு நேர்ந்துகொள்பவளை மூடநம்பிக்கைக்காரி என்று ஏளனம் செய்வோர், ஒரு தடவையேனும் வாடைக்காற்றுக் காலத்தில் அக்கடலைக் கடந்துவிட்டுப் பேசட்டும்.

அனலைதீவுக்கு அருகே புளியந்தீவு என்றொரு சிறு திட்டு உண்டு. நாகதம்பிரான் குடிகொண்ட இடம். அங்கிருந்து ஒரு பாம்பு நாள்தோறும் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்குச் சாத்தி வந்ததாம். ஒருநாள் கருடன் வழிமறித்தது. பாம்பு கடல் நடுவே ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் பாம்புக்காகப் பரிந்து பேசினான். உன் செல்வம் முழுவதையும் அம்மனுக்குக் கொடுப்பாயானால் விடுகிறேன் என்றது கருடன். அவனும் உடன்பட்டான். பூ கோயிலைச் சென்றடைந்தது. அந்த இரு கற்களையும் இன்றும் காட்டுவார்கள்.

இக்கதையில் என்னைக் கவர்ந்தது அவ்வணிகனின் செயலே. அன்றாடம் நடக்கும் ஒரு சிறு வழிபாடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக அவன் தன் கையிருப்பு அனைத்தையும் ஈந்தான்.

இன்று அந்த வணிகனின் இடத்தில் இருப்பவர்கள் புலம்பெயர்ந்த எம்மவர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இரவு பகலாக உழைத்த பணத்தில் தீவகமெங்கும் கோயில்கள் புதுக்கப்படுகின்றன, இராசகோபுரங்கள் எழுகின்றன, கும்பாபிஷேகங்கள் நிகழ்கின்றன. அப்பணத்தின் பின்னால் உள்ள ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கோபுரத்தின் அயலிலேயே கதவடைத்த வீடுகள் இருக்கின்றன. திருவிழா முடிந்து படகுகள் திரும்பிய பின்னர் அங்கே விளக்கு வைக்க ஆளில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்திய வசதிக்காகவும் குடும்பங்கள் யாழ்ப்பாண நகரை நோக்கிப் பெயர்கின்றன. அவர்களைக் குறைகூற முடியாது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கடல் தாண்டி அழைத்துச்செல்ல வேண்டிய ஊரில் எந்த இளம் தம்பதியர் துணிந்து குடியிருப்பர்?

கோயிலைக் காக்க வேண்டுமாயின் குடும்பத்தைக் காக்க வேண்டும். ஊர்ச் சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் திருப்பணிக் கணக்கை வாசிக்கும்போது, அதே தாளில் வேறு சில வரிகளையும் எழுதிப் பார்க்கட்டும்: இரவிலும் நோயாளியை ஏற்றத்தக்க படகுக்கு எரிபொருள், உவர் ஏறாத கிணறுகளின் பராமரிப்பு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணித ஆசிரியரின் தங்குமிடச் செலவு. கோபுரத்தில் ஒரு தளத்தைக் குறைத்தால் இவற்றில் எத்தனை ஆண்டுச் செலவு அடங்கும் என்பதைச் சங்கப் பொருளாளர்களே கணக்கிட்டுச் சொல்லலாம்.