பூநாரைகளைத் துரத்திப் படம் பிடிப்போருக்கு

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் யாழ்ப்பாணக் கடனீரேரிகளில் பூநாரைகளைக் காணலாம். மண்டைதீவு, தொண்டைமானாறு, சுண்டிக்குளம் என ஆழம் குறைந்த உவர்நீர்ப் பரப்புகளே அவற்றின் மேய்ச்சல் நிலம். அவற்றைத் தேடி நீண்ட வில்லை பொருத்திய கமெராக்களும் வருகின்றன. அண்மைக்காலமாக ட்ரோன்களும் சேர்ந்துகொண்டன.

படம் எடுப்பதில் குற்றமில்லை. பறவையை எழுப்பிப் படம் எடுப்பதே குற்றம்.

நின்று மேயும் பூநாரை வெளிறிய இளஞ்சிவப்பு. சிறகை விரித்தால்தான் செந்நிறமும் கருநிறமும் தெரியும். அந்த நிறத்துக்காகவே கை தட்டுகிறார்கள், கூச்சலிடுகிறார்கள், கூட்டத்தின் தலைக்குமேல் ட்ரோனைத் தாழ்த்துகிறார்கள்.

பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றோடு வரும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. வயிறு நிரம்ப நெடுநேரம் மேய வேண்டும். நினைத்தவுடன் மேலெழவும் அதனால் முடியாது. நீரின்மேல் சில அடிகள் ஓடியே எழ வேண்டும். வீணாக எழும் ஒவ்வொரு தடவையும் உணவு இழப்பு, உடல்வலு இழப்பு.

‘ஒரு தடவை பறந்தால் என்ன கெட்டுவிடும்?’ என்கிறார்கள். உங்களுக்கு அது ஒரு தடவை. உங்களுக்கு முன் வந்தவருக்கும் பின் வருபவருக்கும் அதேபோல் ஒரு தடவை. பறவைக்கோ அது நாள் முழுதும்.

வானில் இரைச்சல் கேட்டதும் உண்ட சோற்றை விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய மக்கள் நாம். மேய்கின்ற உயிரின் தலைக்குமேல் இரைச்சலை ஏவ நமக்கு எப்படி மனம் வருகிறது?

புலம்பெயர்ந்து வாழ்வோர் அவுஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். வாத்து அலகு கொண்ட, முட்டையிடும் பாலூட்டியான பிளட்டிப்பஸைக் காண, குயின்ஸ்லாந்தின் யங்கெல்லா தேசியப் பூங்காவில் ஆற்றோரம் மேடைகள் அமைத்திருக்கிறார்கள். விடியலிலும் அந்தியிலும் அங்கே ஓசையின்றி நின்று, அது மூச்சு வாங்க மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வராவிட்டால் திரும்ப வேண்டியதுதான். அந்நிய நாட்டில் கைக்கூடும் பொறுமை ஊருக்கு வந்ததும் எங்கே போகிறது?

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமானது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. சட்டம் உண்டு. ஆனால் ஏரிக்கரை எங்கும் காவலர் நிற்க முடியாது. அங்கே நிற்பவர்கள் நாம்தான்.

ஆகவே விடியுமுன் செல்லுங்கள். தூரத்தில் தாழ்ந்து அமருங்கள். பறவைகள் தாமாகவும் பறக்கும். அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். கூட்டம் தலை நிமிர்த்தி ஒருபுறமாய் நடக்கத் தொடங்கினால், நீங்கள் எல்லை கடந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள்.

என் தொழில் சார்ந்தோருக்கும் ஒரு வார்த்தை. பறக்கும் பூநாரைப் படம் மேசைக்கு வந்தால், ‘இது ஏன் பறந்தது?’ என்று கேளுங்கள். நேர்மையான பதில் கிடைக்காத படத்தை அச்சிடாதீர்கள். பாராட்டும் பக்கங்களும் இல்லாது போனால், துரத்துகிறவர்களில் பலர் தாமே நிறுத்திவிடுவார்கள்.